கல்லீரல் நஞ்சை முறிக்கிறதா, உண்டாக்குகிறதா?

#1 தேன்மொழி

எல்லோருக்கும் வணக்கம். பி.பார்ம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு குழப்பம், தீர்த்து வைத்தால் நன்றாக இருக்கும்.

வளர்சிதை மாற்றப் பாடத்தில், கல்லீரல் மருந்தை நீரில் கரையும் பொருளாக மாற்றிச் சிறுநீரிலோ பித்தத்திலோ வெளியேற்றிவிடும் என்று படித்தோம். நச்சியல் பாடத்துக்குப் போனால், பாராசிட்டமாலைக் கல்லீரலே நஞ்சாக மாற்றி, அதனாலேயே கல்லீரல் அழிகிறது என்கிறார்கள். மெத்தனாலும் அப்படித்தானாம். உடம்பைக் காக்க இருக்கும் என்சைம் எதற்காக நஞ்சைத் தயாரிக்க வேண்டும்?

இன்னொன்று. அதிக அளவு பாராசிட்டமால் சாப்பிட்டவர் இரண்டாம் நாள் தேறியது போல இருப்பார், அப்புறம்தான் மோசமாவார் என்று புத்தகத்தில் ஒரு வரி வருகிறது. அது ஏன்?

#2 கார்முகில்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. எல்லாம் டோஸ்தான். இதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது?

#3 வேதிமாறன்

கார்முகில், டோஸ் முக்கியம்தான். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால் தேன்மொழி கேட்டதற்குப் பதில் கிடைக்காது. ஒரே அளவு மருந்து ஒருவரை ஒன்றும் செய்யாமல் இன்னொருவரின் மூச்சை நிறுத்துகிறதே, அதை டோஸ் மட்டும் விளக்காது. நான் மருந்தியல் கற்பிப்பவன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கல்லீரல் என்சைம்களுக்கு எது நஞ்சு, எது மருந்து என்று தெரியாது. கொழுப்பில் கரையும் ஒரு பொருள் வந்து சேர்ந்தால், சைட்டோகுரோம் பி450 குடும்பத்து என்சைம்கள் பெரும்பாலும் அதில் ஓர் ஆக்சிஜன் அணுவை ஏற்றும். அது முதல் கட்டம். அப்படிக் கிடைத்த இடத்தில் குளுக்குரோனிக் அமிலம், சல்பேட், குளூட்டாதயோன் போன்ற ஒன்றைக் கோத்து, நீரில் கரைய வைத்து அனுப்புவது இரண்டாம் கட்டம். (சில பொருள்கள் முதல் கட்டம் இல்லாமலே நேராக இரண்டாவதுக்குப் போகும்.) ஆயிரக்கணக்கான பொருள்களுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், ஆக்சிஜன் ஏறியதும் சில மூலக்கூறுகள் கடும் வினைத்திறன் பெற்றுவிடும். இரண்டாம் கட்டம் உடனே பிடித்துக்கொண்டால் ஆபத்தில்லை. பிடிக்க ஆளில்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் புரதத்திலோ டிஎன்ஏவிலோ போய் ஒட்டிக்கொள்ளும். உன் இரண்டு பாடமும் ஒரே பாதையைத்தான் சொல்கின்றன தேன்மொழி, முடிவு மட்டும் வேறு.

பாராசிட்டமாலை எடுத்துக்கொள். வழக்கமான அளவில் அதன் பெரும்பகுதி குளுக்குரோனைடாகவும் சல்பேட்டாகவும் மாறிச் சிறுநீரில் போய்விடும். 5 முதல் 10 சதவீதம் மட்டும் சைப்2இ1 போன்ற பி450 என்சைம்கள் வழியாக நாப்கி என்ற பொருளாகிறது. நஞ்சு அதுதான். ஆனால் பிறந்த உடனே குளூட்டாதயோன் அதைக் கட்டிப்போட்டுவிடும். அதனால்தான் காய்ச்சலுக்கு மாத்திரை போட்டவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை.

அளவு ஏறும்போது சல்பேட் பாதை முதலில் நிரம்பிவிடும். கூடுதல் பாராசிட்டமால் பி450 பக்கம் தள்ளப்படும், நாப்கி பெருகும், குளூட்டாதயோன் செலவாகிக்கொண்டே போகும். 1973இல் அமெரிக்க தேசிய சுகாதார நிலையங்களில் பெர்னார்ட் பிராடி, ஜெரி மிட்செல் குழுவினர் எலிகளில் இதைப் படிப்படியாகக் காட்டினார்கள். கதிரியக்க அடையாளமிட்ட பாராசிட்டமாலைக் கொடுத்துக் கல்லீரலைப் பார்த்தால், குளூட்டாதயோன் கிட்டத்தட்ட 70 சதவீதம் தீரும்வரை புரதத்தில் பெரிதாக எதுவும் ஒட்டவில்லை. அந்தக் கோட்டைத் தாண்டியதும் ஒட்டத் தொடங்கியது, திசுவும் அழியத் தொடங்கியது. பி450ஐத் தூண்டும் மருந்தை முன்னால் கொடுத்தால் சேதம் கூடியது, தடுக்கும் பொருளைக் கொடுத்தால் குறைந்தது. அதே பாராசிட்டமால், அதே அளவு. மாறியது என்சைமின் வேகம் மட்டும்தான்.

இன்னொரு அழகான சான்று திசுவிலேயே இருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் கல்லீரல் முழுக்க ஒரே மாதிரி அழிந்திருக்காது. ஒவ்வொரு நுண்மடலிலும் மையச் சிரையைச் சுற்றியுள்ள செல்கள்தான் முதலில் சாகும். ரத்தம் வந்து சேரும் ஓரப்பகுதி தப்பியிருக்கும். சைப்2இ1 அதிகமாக இருப்பதும் குளூட்டாதயோன் குறைவாக இருப்பதும் அந்த மையப் பகுதியில்தான். நஞ்சு வெளியிலிருந்து அப்படியே வந்திருந்தால், முதலில் ரத்தம் பெறும் ஓரப்பகுதி அல்லவா முதலில் போயிருக்க வேண்டும்?

மாற்றுமருந்தும் இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். என்-அசிட்டைல்சிஸ்டீன், சுருக்கமாக என்ஏசி, செல்லுக்குச் சிஸ்டீன் கொடுக்கிறது. சிஸ்டீன் கிடைத்தால் குளூட்டாதயோன் மறுபடி உருவாகும். மாத்திரை விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட்டால் ஏறக்குறைய எல்லோருடைய கல்லீரலும் தப்பிவிடும். அதற்குப் பிறகும் பயன் உண்டு, ஆனால் தாமதிக்கத் தாமதிக்கக் குறையும்.

#4 இரவுப்பணி

தேன்மொழியின் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன்.

முதல் நாள் குமட்டல், வாந்தி இருக்கும், சிலருக்கு அதுவும் இருக்காது. இரண்டாம் நாள் வாந்தி நின்றுவிடும். பசிக்கிறது என்பார்கள், எழுந்து உட்கார்ந்து பேசுவார்கள். வீட்டுக்காரர்கள் என்னிடம் வந்து, "நல்லாத்தானே இருக்கார் சிஸ்டர், டிஸ்சார்ஜ் பண்ணிடலாமே" என்று கேட்பார்கள். அதே நேரத்தில் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தால் கல்லீரல் செல் சேதத்தைக் காட்டும் ஏஎல்டி ஆயிரத்தைத் தாண்டியிருக்கும், ரத்தம் உறைவது தாமதமாவதைக் காட்டும் ஐஎன்ஆர் ஏறிக்கொண்டிருக்கும். வலது விலாவுக்குக் கீழே மெல்ல அழுத்தினால் முகம் சுளிப்பார்கள். மூன்றாம், நான்காம் நாள்தான் மஞ்சள் காமாலை, குழப்பம், சர்க்கரை இறங்குவது எல்லாம் வெளியே தெரியும். குமட்டல் அடங்கியதற்கும் கல்லீரல் தப்பியதற்கும் சம்பந்தமே இல்லை. புரதத்தில் நாப்கி ஒட்டி, மைட்டோகாண்ட்ரியா செயலிழந்து, செல் சாவதற்கு நேரம் எடுக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் யாராவது அளவுக்கு மேல் சாப்பிட்டுவிட்டால், வேண்டுமென்றோ தெரியாமலோ, அறிகுறி வருகிறதா என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். எந்த மாத்திரை, எத்தனை, எப்போது என்ற மூன்றும் தெரிந்தால் எங்கள் வேலை பாதி முடிந்தது. மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துவாருங்கள்.

தெரியாமல் நடப்பதும் நிறைய. சளி மாத்திரையில் பாராசிட்டமால் இருக்கும், உடம்புவலி மாத்திரையில் இருக்கும், காய்ச்சலுக்குத் தனியாக வேறு போட்டிருப்பார்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. மூன்று பெயரில் ஒரே மருந்து உள்ளே போனால் அது சத்தமில்லாமல் தாண்டிவிடும்.

#5 நல்லசிவம்

நான் மருத்துவத் துறை இல்லை, ஓய்வு பெற்றவன். படிக்கப் பயமாகவும் இருக்கிறது, பயனாகவும் இருக்கிறது. குடிப்பவர்களுக்கு பாராசிட்டமால் ஆகாது என்று சொல்கிறார்களே, அதுவும் இந்தப் பாதையால்தானா?

#6 வேதிமாறன்

ஆமாம் ஐயா, ஆனால் அதில் ஒரு நுட்பம் உண்டு. சாராயமும் சைப்2இ1 வழியாகப் போகக்கூடியது. தினமும் குடிப்பவரிடம் அந்த என்சைமின் அளவு கூடிவிடும். சாராயம் ரத்தத்தில் இருக்கும்வரை என்சைமைத் தானே பிடித்து வைத்திருக்கும், அதனால் நாப்கி குறைவாகத்தான் உருவாகும். குடியை நிறுத்தி, சாராயம் இறங்கியதும் கூடுதல் என்சைம் எல்லாம் சும்மா நிற்கும். அந்த நேரத்தில் தலைவலிக்கு என்று மாத்திரை மேல் மாத்திரை போட்டால் ஆபத்து. கூடவே சரியாகச் சாப்பிடாமல் இருந்தால் குளூட்டாதயோனும் வற்றிக் கிடக்கும். நீண்ட பட்டினி கிடப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

#7 கரிமவேதி பாலா

நல்ல இழை. நான் ஆய்வக வேதியியல் ஆள், அந்தப் பக்கத்திலிருந்து சில சேர்க்கிறேன்.

மெத்தனால் தானாகப் பெரிய நஞ்சு இல்லை, கொஞ்சம் மயக்கம் தரும், அவ்வளவே. ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் அதை ஃபார்மால்டிஹைடாக்கும், அடுத்த என்சைம் உடனே ஃபார்மிக் அமிலமாக்கும். அங்கே வந்து தேங்கிவிடும். ஃபார்மிக் அமிலத்தைக் கழிக்க ஃபோலேட் வேண்டும், மனிதரிலும் குரங்கிலும் அந்த வழி மெதுவானது. எலிகளுக்கு அது வேகமாக நடப்பதால் அவற்றுக்குப் பார்வை போவதில்லை. தேங்கிய அமிலம் மைட்டோகாண்ட்ரியாவின் கடைசி என்சைமான சைட்டோகுரோம் ஆக்சிடேஸை முடக்கும். பார்வை நரம்பு அதை முதலில் உணரும். குடித்துப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கழித்துத்தான் கண் மங்கத் தொடங்குவது இதனால்தான்.

சிகிச்சையைப் பாருங்கள். எத்தனால் கொடுக்கலாம், அல்லது ஃபோமெபிசோல். இரண்டும் முதல் என்சைமைத்தான் பிடித்துக்கொள்கின்றன. மெத்தனால் மாறாமல் மெத்தனாலாகவே இருந்தால் டயாலிசிஸில் எடுத்துவிடலாம். எத்திலீன் கிளைக்காலுக்கும் இதே என்சைம், இதே மாற்றுமருந்து. அதில் கடைசியில் வருவது ஆக்சாலிக் அமிலம், கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படியும்.

அதன் சொந்தக்காரன் டைஎத்திலீன் கிளைக்கால். 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு மருந்தை அதில் கரைத்து 'எலிக்சிர்' என்று விற்றார்கள். 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் நிறையக் குழந்தைகள். மருந்து பாதுகாப்பானது என்று காட்டிய பிறகே விற்க வேண்டும் என்று 1938இல் சட்டம் வந்ததற்கு அந்தச் சாவுகள்தான் காரணம். அங்கேயும் உடைந்து வரும் டைகிளைக்காலிக் அமிலம்தான் சிறுநீரகச் செல்களைக் கொல்கிறது.

கார்பன் டெட்ராகுளோரைடையும் சொல்ல வேண்டும். சைப்2இ1 அதிலிருந்து ஒரு குளோரினைப் பிய்த்ததும் டிரைகுளோரோமீதைல் என்ற தனி உறுப்பு (ஃப்ரீ ராடிக்கல், கடும் வினைத்திறன் கொண்ட துண்டு) பிறக்கும். அதைப் பிடித்துக்கட்ட எதுவும் போதாது, செல் சவ்வின் கொழுப்பை வரிசையாக ஆக்சிஜனேற்றிக்கொண்டே போகும். பாராசிட்டமால் போலவே இதிலும் மையச் சிரையைச் சுற்றித்தான் அழிவு. பாதிக்கப்படுவது கல்லீரல் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். பென்சீன் கல்லீரலில் பாதி மாறி, எலும்பு மஜ்ஜைக்குப் போய், அங்கே இருக்கும் மையலோபெராக்சிடேஸால் குயினோனாக மாறுகிறது. ரத்தசோகையும் ரத்தப் புற்றும் அங்கிருந்து வருகின்றன.

எனக்கு எப்போதும் அதிர்ச்சி தருவது எம்பிடிபி. 1982இல் கலிபோர்னியாவில் இளைஞர்கள் சிலர் திடீரென்று முற்றிய பார்க்கின்சன் நோயாளிகள் போல உறைந்துபோய் மருத்துவமனைக்கு வந்தார்கள். வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் துருவியதில், அவர்கள் ஊசியில் ஏற்றிய கள்ளப் போதைப்பொருளில் எம்பிடிபி கலந்திருந்தது தெரியவந்தது. மூளையில் மோனோஅமைன் ஆக்சிடேஸ்-பி அதை எம்பிபி+ ஆக்குகிறது. பார்க்கின்சன் நோயில் அழிவது டோபமின் நரம்புகள்; அவை தங்கள் டோபமினை உள்ளே இழுக்கும் அதே வாசல் வழியாக அதையும் இழுத்துக்கொள்கின்றன. உள்ளே போனதும் மைட்டோகாண்ட்ரியாவின் முதல் கூட்டு என்சைம் நின்றுவிடும். விலங்குகளில் அந்த ஆக்சிடேஸை முன்கூட்டியே தடுத்துவிட்டால் நரம்பு சாகவில்லை.

#8 கார்முகில்

சரி, டோஸ் மட்டும் இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இப்படிப் படித்தால் பி450தான் எதிரி போலத் தெரிகிறது. அதைத் தடுத்து வைத்துவிட்டால் நஞ்சே வராதா?

#9 செல்வி மருந்தகம்

கார்முகில் தம்பி, அதற்கு நேர் எதிரான கதைகளும் உண்டு. டெர்ஃபெனடின் என்று ஒவ்வாமைக்கு ஒரு மாத்திரை இருந்தது. விழுங்கியதும் சைப்3ஏ4 அதை ஏறக்குறைய முழுசாக ஃபெக்சோஃபெனடினாக மாற்றிவிடும். வேலை செய்வது அந்த ஃபெக்சோஃபெனடின்தான். மாறாத டெர்ஃபெனடின் இதயத்தின் பொட்டாசியம் வாயில்களை அடைக்கும். பூஞ்சைக்கான கீட்டோகோனசோலையோ எரித்ரோமைசினையோ கூடச் சாப்பிட்டவர்களுக்கு சைப்3ஏ4 முடங்கி, மாறாத மருந்து ரத்தத்தில் ஏறி, இதயத் துடிப்பு தாறுமாறாகிச் சிலர் இறந்தார்கள். 1998இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கிரேப்ஃப்ரூட் சாறும் குடலில் இருக்கும் இதே என்சைமைத்தான் முடக்குகிறது. மருந்துச் சீட்டில் அந்தப் பழம் வேண்டாம் என்று போட்டிருந்தால் அலட்சியப்படுத்தாதீர்கள்.

இதைவிடக் கொடுமை 1993இல் ஜப்பானில் நடந்தது. அக்கிக்கு சொரிவுடின் என்ற மருந்து வந்தது. குடல் பாக்டீரியா அதை உடைத்துத் தரும் பொருள், புற்றுநோய் மருந்தான 5-எஃப்யூ வகையைக் கழிக்கும் டிபிடி என்சைமை நிரந்தரமாக முடக்கியது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் பத்துக்கும் மேற்பட்டோர் சில வாரங்களில் இறந்தார்கள். தனித்தனியாகக் கொடுத்திருந்தால் நடந்திருக்காது. இதனால்தான் "வேறென்ன மருந்து சாப்பிடுறீங்க" என்று நாங்கள் தொணதொணக்கிறோம். தயவுசெய்து மறைக்காமல் சொல்லுங்கள்.

வேதிமாறன் சார் சொன்ன 'ஒரே அளவு, வேறு முடிவு' விஷயத்துக்கு வருகிறேன். கோடீனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சைப்2டி6 வழியாக மார்ஃபினாக மாறும். வலி தீர்ப்பது அந்த மார்ஃபின்தான். சிலரிடம் அந்த என்சைம் வேலையே செய்யாது, அவர்களுக்குக் கோடீன் கொடுத்தும் வலி போகாது. சிலரிடம் அந்த மரபணு கூடுதல் பிரதிகளாக இருக்கும், மார்ஃபின் கொட்டும். டான்சில் அறுவைக்குப் பிறகு சரியான அளவில் கோடீன் கொடுக்கப்பட்ட குழந்தைகள் மூச்சடங்கி இறந்திருக்கிறார்கள். 2013இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அந்த அறுவைக்குப் பின் குழந்தைகளுக்குக் கூடாது என்று கடும் எச்சரிக்கை சேர்த்தது, 2017இல் 12 வயதுக்குக் கீழே கோடீனே கூடாது என்றது.

வயதும் அப்படியே. பிறந்த குழந்தைக்குக் குளுக்குரோனிக் அமிலம் கோக்கும் என்சைம் முதிர்ந்திருக்காது. 1950களின் இறுதியில் குளோராம்ஃபெனிகால் கொடுக்கப்பட்ட பச்சிளங்குழந்தைகள் வயிறு உப்பி, உடல் சாம்பல் நிறமாகி இறந்தன. பெரியவர்கள் கழித்துவிடும் மருந்தைக் கழிக்க அந்தப் பிஞ்சுகளுக்கு வழியில்லை. குழந்தைக்கான மருந்தை, பெரியவர் மாத்திரையை உடைத்து எடையால் வகுத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இதை ஒரு முறை படிக்க வேண்டும்.

#10 ஆநிரை

கால்நடை மருத்துவர். பூனை வளர்ப்பவர்கள் யாராவது இருந்தால் கவனியுங்கள்: பூனைக்குப் பாராசிட்டமால் ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமாலுக்குக் குளுக்குரோனிக் அமிலம் கோக்கும் என்சைமின் மரபணு பூனை இனத்தில் செயலிழந்துபோனது. மனிதர்களில் கல்லீரல் அடிபடும், பூனையில் ரத்தம் அடிபடும். ஹீமோகுளோபின் மெத்ஹீமோகுளோபினாகி ஈறு பழுப்பாக மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். அங்கேயும் என்ஏசிதான் கொடுப்போம். அன்போடு காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிட்டு அழுதுகொண்டு வருபவர்களைப் பார்க்கவே முடியாது.

#11 நல்லசிவம்

கல்லீரலைச் 'சுத்தம்' செய்யும் மூலிகை மருந்துகள் என்று வருகின்றனவே, அதனால் இந்தப் பாதைகள் பலப்படுமா?

#12 வேதிமாறன்

இல்லை ஐயா. கல்லீரலில் துலக்கி எடுக்க அழுக்கு எதுவும் படிந்திருக்கவில்லை. மூலிகை என்பதால் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. பைரோலிசிடின் ஆல்கலாய்டு உள்ள செடிகள் பல இருக்கின்றன. சைப்3ஏ4 அதை மாற்றியதும் கல்லீரலின் நுண்ணிய ரத்தநாளங்கள் அடைபட்டு வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும். பூஞ்சை பிடித்த தானியத்தில் இருக்கும் அஃப்ளாடாக்சினும் இயற்கையானதே. பி450 அதை எப்பாக்சைடாக்கியதும் டிஎன்ஏவின் குவானினில் போய் ஒட்டும், கல்லீரல் புற்றுக்கு அது வழி. 'தூண்டும்', 'பலப்படுத்தும்' என்று எழுதிய எதையும் சந்தேகத்தோடு பாருங்கள். எந்தப் பாதையைத் தூண்டுகிறது என்று அதில் யாரும் எழுதுவதில்லை.

#13 கரிமவேதி பாலா

இதோடு பூச்சிக்கொல்லியையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். மாலத்தியான் பூச்சிக்குள்ளும் நமக்குள்ளும் மாலாக்சனாக மாறித்தான் நஞ்சாகிறது. நம்மிடம் கார்பாக்சில்எஸ்டரேஸ் இருப்பதால் அதற்குள் பெரும்பகுதியை உடைத்துவிடுகிறோம், பூச்சியால் அது முடிவதில்லை. 1976இல் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்காக மருந்து தெளித்தவர்கள் பலர் நோயுற்று ஐந்து பேர் இறந்ததற்குக் காரணம், சரக்கில் கலந்திருந்த ஐசோமாலத்தியான் நம்முடைய அந்த என்சைமையே தடுத்துவிட்டது. கலப்பில்லாத மாலத்தியானாக இருந்திருந்தால் அந்த அளவில் இப்படி ஆகியிருக்காது.

#14 தேன்மொழி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இப்போது புரிகிறது. 'இது நஞ்சா' என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்த என்சைம், எந்தப் பொருளாக மாற்றுகிறது, அதை அடுத்து யார் பிடிக்கிறார்கள், அந்தக் கையிருப்பு எப்போது தீரும் என்று கேட்டால் மாற்றுமருந்து எங்கே தலையிடுகிறது என்பதும் தானாகத் தெரிகிறது. கடைசியாக ஒன்று: பாராசிட்டமால் மாத்திரைக்குள்ளேயே என்ஏசியைச் சேர்த்துவிட்டால் என்ன?

#15 செல்வி மருந்தகம்

யோசித்திருக்கிறார்கள் தேன்மொழி. என்ஏசி இல்லை, அதே வேலையைச் செய்யும் மெத்தியோனினைச் சேர்த்த பாராசிட்டமால் மாத்திரை பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. விலை கூடுதல், பரவவில்லை. தேவைப்படாத கோடிக்கணக்கானோருக்கு தினமும் ஓர் அமினோ அமிலத்தைச் சேர்த்துக் கொடுப்பது சரியா என்ற கேள்வியும் இருந்தது.

அவர்கள் வேறு வழியில் போனார்கள். 1998இல் ஒரு பொட்டலத்தில் எத்தனை மாத்திரை இருக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள்: மருந்தகத்தில் 32, மற்ற கடைகளில் 16. மனம் உடைந்து ஒருவர் அலமாரியைத் திறக்கும் அந்தச் சில நிமிடத்தில் கைக்குக் கிடைப்பது குறையட்டும் என்பதுதான் எண்ணம். அதன் பிறகு வந்த ஆண்டுகளில் பாராசிட்டமால் நச்சால் நேர்ந்த சாவுகள் அங்கே குறைந்தன. என்ஏசியும் எட்டு மணி நேரக் கணக்கும் மருத்துவமனை வாசலுக்கு வந்துசேர்ந்தவர்களுக்குத்தான் உதவும். வராதவர்களுக்கு இந்த மாதிரிச் சட்டம்தான் உதவும். எல்லா நாட்டிலும் வர வேண்டும் என்பது என் கருத்து.

#16 இரவுப்பணி

முழுக்க ஆமோதிக்கிறேன் செல்வி அக்கா. தேன்மொழி, நீங்கள் மருந்தகத்தில் உட்காரும்போது ஒரே ஆள் மூன்று அட்டை கேட்டால், காய்ச்சல் யாருக்கு, எத்தனை நாளாக என்று விசாரித்துவிட்டுக் கொடுங்கள்.